பதினைந்து நாள் மாணவர்கள்

ஆண்டுதோறும் பொதுத்தேர்வு முடிவு வரும் மே மாதத்தில், நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளின் படங்களுக்குக் கீழே ஒரு பெட்டிச் செய்தியும் வரும்: சிறைகளில் தேர்வு எழுதியவர்கள் இத்தனை பேர், தேறியவர்கள் இத்தனை பேர். புழல், வேலூர், கடலூர், சேலம், கோவை, திருச்சி, மதுரை, பாளையங்கோட்டை என்று அந்தச் செய்தியில் வரும் ஊர்ப் பெயர்கள் மாறுவதில்லை. எல்லாம் மத்திய சிறைகள் இருக்கும் ஊர்கள். திண்டுக்கல் அந்தப் பட்டியலில் வருவதற்கு வழியில்லை, ஏனென்றால் இங்கிருப்பது மாவட்டச் சிறை. தண்டனை உறுதியானவர்களை இங்கிருந்து மதுரைக்கு அனுப்பிவிடுவார்கள். மிஞ்சியிருப்போரில் பெரும்பாலோர் ரிமாண்டில் இருப்பவர்கள். வழக்கு முடியாதவர்கள், பலருக்குத் தொடங்கவே இல்லாதவர்கள். நிலக்கோட்டையில் இருக்கும் பெண்கள் கிளைச் சிறைக்கும் இதுவே பொருந்தும். சிறைக்கல்வி என்று நாம் பேசுவது, திட்டம் போடுவது, பாராட்டுவது எல்லாமே நீண்ட தண்டனை பெற்று ஓரிடத்தில் இருக்கும் ஒருவரை மனதில் வைத்துத்தான். ஆனால் சிறைக்குள் பெரும்பான்மை அவரல்ல. பெரும்பான்மையினருக்கு ஏற்ற கல்வி என்பது பட்டமும் பொதுத்தேர்வும் அல்லாத வேறொன்று. அளவில் சிறியது, தொடங்குவதற்கு எளியது, பயனில் உடனடியானது. இந்தக் கட்டுரை அதைத்தான் வாதிடுகிறது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைப்படி 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது நூற்றுக்கு 76 பேர், விசாரணைச் சிறைவாசிகள். மொத்தச் சிறைவாசிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மேலும் பத்தில் நாலு பேர் பத்தாம் வகுப்பை எட்டாதவர்கள். வெளியே இருக்கும் சமூகத்தின் இடைவெளி உள்ளே இன்னும் அகலமாகத் தெரிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு விகிதம் 80.09 சதவீதம், திண்டுக்கல் மாவட்டத்தினுடையது 76.26. மாநிலச் சராசரியைத் தொடாத ஒரு மாவட்டத்தில், அந்தச் சராசரியைக் கீழே இழுத்தவர்களில் ஒரு பகுதியினர்தான் நூற்பாலை ஷிப்டிலிருந்தும் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்தும் தோல் ஷாப்பிலிருந்தும் சிறை வாசலுக்கு வந்து சேர்கிறார்கள். வசதியும் படிப்பும் உள்ளவர் அதே குற்றச்சாட்டில் மாட்டினாலும் சீக்கிரம் ஜாமீனில் போய்விடுகிறார். உள்ளே தங்கிப் போகிறவர் யார் என்பதைத் தீர்மானிப்பதில் குற்றத்தின் கனத்துக்கு இருக்கும் பங்கு, ஜாமீன்தாரர் கிடைப்பதற்கும் இருக்கிறது.

தமிழில் சிறையையும் படிப்பையும் சேர்த்துச் சொன்னால் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. கண்ணனூர்ச் சிறையில் வ.உ.சி.யிடம் உடனிருந்தவர்கள் நீதி நூல்களைப் பாடம் கேட்டார்கள். அந்தப் பாடத்தின் தொடர்ச்சியாகப் பிறந்தது 'மெய்யறம்'. வேலூர்ச் சிறையில் ராஜாஜி நாட்குறிப்பு எழுதினார். தூக்குத் தண்டனைக் கைதியாக இருந்த சி.ஏ.பாலன் 'தூக்குமர நிழலில்' தந்தார். தியாகு 'சுவருக்குள் சித்திரங்கள்' தந்தார். பேரறிவாளன் 2012இல் பிளஸ் டூ தேர்வில் 1200க்கு 1096 எடுத்தார். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வழியாகக் கணினிப் பட்டங்கள் பெற்றார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. இந்த வரிசை பெருமைக்குரியதுதான். ஆனால் இதில் பொதுவாகக் காணும் இரண்டு விஷயங்கள் உண்டு. எல்லாரும் உள்ளே போகும்போதே எழுத்தோடு போனவர்கள். பேரறிவாளன் கைதாகும் முன்பே டிப்ளமோ முடித்திருந்தார். ராஜாஜியைத் தவிர மற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காலம் இருந்தது. எழுத்தும் இல்லாமல், எவ்வளவு நாள் என்ற கணக்கும் இல்லாமல் உள்ளே இருப்பவருக்கு இவர்கள் முன்மாதிரி ஆக முடியாது. சிறை ஒரு பல்கலைக்கழகம் என்று மேடையில் சொல்வது நன்றாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்துக்கு முன்னால் பால பாடம் ஒன்று இருப்பதை மேடை மறந்துவிடுகிறது.

ரிமாண்டில் இருப்பவரின் வாழ்க்கை காகிதத்தால் ஆனது. கைது நடந்ததும் அதற்கான காரணங்கள் எழுதிய தாள், முதல் தகவல் அறிக்கை, வக்காலத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை காவல் நீட்டிப்பு, வாய்தா தேதி, குற்றப்பத்திரிகை, ஜாமீன் மனு, ஜாமீன் உத்தரவு. ஒவ்வொன்றிலும் அவருடைய பெயர் இருக்கிறது. அவரால் படிக்க முடிவது எதுவும் இல்லை. வக்காலத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, அதில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறார். சிறைக்குள் மனு எழுதித் தரத் தெரிந்தவருக்கு ஒரு தனி மதிப்பும், சில இடங்களில் ஒரு தனி விலையும் உண்டாவது இதனால்தான். இதைவிட முக்கியமானது நாள் கணக்கு. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் பெறுவது அவருடைய உரிமை. ஆனால் அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். இந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்வது நீதிமன்றத்தின் கடமை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மைதான். தொண்ணூறாவது நாள் எது என்று தானே எண்ணத் தெரிந்தவருக்கும், யாராவது எண்ணிச் சொல்லட்டும் என்று காத்திருப்பவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அந்தத் தீர்ப்பு முழுதாக அடைத்துவிடவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, முதல் முறை குற்றம் சாட்டப்பட்டவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே கழித்துவிட்டால் விடுவிக்க வழி செய்கிறது. கடும் குற்றங்களுக்கும் பல வழக்குகள் உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. இங்கே மூன்றில் ஒரு பங்கு என்பது பள்ளிக்கூடத்துப் பின்னக் கணக்கேதான். கடைசியில் ஜாமீன் கிடைத்து வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நம் நீதிமன்றங்கள் வழக்கமாக விதிக்கும் நிபந்தனை, தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது. எழுத்தறியாத ஒருவரிடம் விடுதலைக்கு விலையாக அரசு முதலில் கேட்பதே கையெழுத்துதான்.

இவ்வளவு குறுகிய காலத்தில் யாருக்கு என்ன கற்றுக்கொடுத்துவிட முடியும் என்று கேட்கலாம். இதற்கு விடை நம் அருகிலேயே, முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்திருக்கிறது. 1988இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் பெரியவர்களுக்கான பாடத்தை மூன்று புத்தகங்களாகப் பிரித்தது. மூன்றையும் முடிக்க 200 மணி நேரம் என்று கணக்கிட்டது. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் அந்த அளவை வைத்துக்கொண்டுதான் புதுக்கோட்டையின் கல்குவாரிகளிலும் வயற்காடுகளிலும் வேலை செய்தது. அறிவொளியின் முதல் பாடம் 'பட்டா' என்ற சொல்லில் தொடங்கியது. அ, ஆவன்னாவில் தொடங்காமல், நிலமில்லாதவரின் மனதில் ஏற்கெனவே இருந்த சொல்லில் தொடங்கியது. இந்த வழிக்கு மூலவர் பிரேசிலின் பாவ்லோ ஃபிரெய்ரே. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவிக்கும் முயற்சியை நடத்திக் காட்டியவர். நாம் 40 மணி நேர அதிசயத்தை நம்ப வேண்டியதில்லை. நம்முடைய 200 மணியே போதும். சிறையில் ஒரு நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு என்றால் மூன்று புத்தகங்களும் 67 நாளில் முடியும். முதல் புத்தகம் மட்டும் 22 நாள். ஒருவருடைய காவல் ஒரே ஒருமுறை நீட்டிக்கப்பட்டாலே முதல் புத்தகம் முடிந்துவிடும். குற்றப்பத்திரிகைக்கான 90 நாளுக்குள் மூன்றும் முடிந்து மூன்று வாரம் மிச்சம் இருக்கும். நிலக்கோட்டையிலும் திண்டுக்கல்லிலும் அந்த முதல் புத்தகத்தின் முதல் சொல் என்னவாக இருக்க வேண்டும் என்பதற்குக் குழு போட வேண்டியதில்லை. 'ஜாமீன்' என்று எழுதினால் நெடிலும் மெய்யும் கிரந்த எழுத்தும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. அடுத்த பாடம் 'வாய்தா'. அதற்கு அடுத்து, நாட்காட்டி.

நாள் போதும் என்றாலும் ஆள் நிலையாக இருக்க மாட்டாரே என்பது அடுத்த தடை. உள்ளே இருந்த விசாரணைச் சிறைவாசிகளில் மூன்று மாதம் நிறையாதவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்று குற்ற ஆவணக் காப்பகத்தின் அதே அறிக்கை காட்டுகிறது. ஐந்தாண்டைத் தாண்டியவர்கள் 11,000 பேருக்கும் மேல். இது ஒரு குறிப்பிட்ட தேதியில் உள்ளே இருந்தவர்களின் கணக்கு, ஆண்டு முழுவதும் வந்து போனவர்களின் கணக்கு அல்ல. ஆகவே பாதியில் போகிறவர்கள் இதைவிட அதிகமாகவே இருப்பார்கள். அதை ஒப்புக்கொண்டுதான் வகுப்பை வடிவமைக்க வேண்டும். ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும் பள்ளி ஆண்டை உள்ளே கொண்டுபோனால் அது தோற்கும். எந்த நாளும் சேரலாம், எந்த நாளும் போகலாம், போகும்போது எந்தப் பக்கம் வரை முடித்தார் என்று எழுதிய ஒரு சீட்டு கையில் இருக்கும் என்றால் தோற்காது. டெல்லி திகார் சிறையில் பெரும்பாலோர் விசாரணையில் இருப்பவர்கள்தான். அங்கே 1994 முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழக மையம் இயங்குகிறது. படித்தவர் படிக்காதவருக்குச் சொல்லித்தரும் திட்டமும் நடந்திருக்கிறது. நார்வேயில் 1969 முதல் சிறைக்குள் பாடம் நடத்துவது சிறைத்துறை அல்ல. வெளியே இருக்கும் பள்ளி நிர்வாகம் தன் ஆசிரியரை உள்ளே அனுப்புகிறது. உள்ளே தொடங்கியவர் வெளியே வந்ததும் அதே அமைப்பில் தொடர முடிவது இதன் பலன். பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி 12 மணி நேரம் படித்தால் தண்டனையில் ஒரு நாள் கழியும்; விசாரணைக் காவலில் இருப்பவருக்கும் இது பொருந்தும் என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. தண்டனையே இன்னும் வராதவருக்குக் கழிவா என்று சிரிக்கத் தோன்றும். நாளை தண்டனை வந்தால் கழித்துக்கொள்ள, இன்று படித்த மணிகள் கணக்கில் நிற்கும். அவ்வளவுதான்.

நுட்பமான மறுப்பு ஒன்று சட்டம் அறிந்தவர்களிடமிருந்து வருகிறது. விசாரணைச் சிறைவாசி குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாதவர். நிரபராதி என்றே கருதப்பட வேண்டியவர். அவரைத் திருத்துவதற்கு அரசுக்கு என்ன உரிமை? இந்தத் தயக்கம் சர்வதேச விதிகளிலேயே பதிந்திருக்கிறது. ஐ.நா. 2015இல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளில் கல்வி பற்றிய 104ஆம் விதி, தண்டனை பெற்றவர்களுக்கான பகுதியில் இருக்கிறது. விசாரணையில் இருப்பவர்களுக்கான பகுதியில் புத்தகம் பற்றி ஒரு விதி உண்டு: தன் செலவிலோ பிறர் செலவிலோ புத்தகமும் எழுதுபொருளும் வாங்கிக்கொள்ளலாம். நன்மை பயக்குமானால் முந்தைய பகுதியின் விதிகள் இவர்களுக்கும் பொருந்தும் என்று தொடக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. ஆனால் நிர்வாகங்கள் விதியைப் படிக்கும் அளவுக்கு முன்னுரையைப் படிப்பதில்லை. இந்தக் குழப்பத்தின் வேர், கல்வியைத் திருத்தும் கருவியாக மட்டும் பார்ப்பதில் இருக்கிறது. சென்னை மாகாண நிர்வாகத்தில் இருந்த அலெக்சாண்டர் கார்டியூ தலைமையிலான 1919-20 சிறைக் குழு, சிறையின் நோக்கங்களில் ஒன்றாகச் சீர்திருத்தத்தை வைத்தது. அது அந்தக் காலத்துக்குப் பெரிய முன்னேற்றம். அதிலிருந்து நூறாண்டாகக் கல்வி சீர்திருத்தத்தின் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறது. சிறைக்குள் போவதால் அடிப்படை உரிமைகள் முழுதும் பறிபோவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 1974இலேயே சொல்லிவிட்டது. நிரபராதியாகக் கருதப்படுபவரிடம் அப்படிப் பறிபோனவை இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். வெளியே இருந்திருந்தால் இரவு வகுப்புக்குப் போயிருக்கக்கூடிய ஒருவரை அரசு பூட்டி வைத்திருக்கிறது என்றால், அந்த வகுப்பை உள்ளே கொண்டுவருவது அரசின் கடன். அவரைத் திருத்துவதாக நினைக்கவே வேண்டாம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கடுமையானது, நேர்மையானதும்கூட. இவர்களுக்குத் தேவை கரும்பலகை அல்ல, ஜாமீன். வழக்கை விரைவுபடுத்தாமல் வகுப்பு நடத்துவது அநீதிக்கு வெள்ளையடிப்பது. இதில் பாதிக்கு மேல் உண்மை. ஒருவரை 67 நாள் உள்ளே வைத்துப் படிக்கவைப்பதைவிட ஏழாம் நாள் வெளியே விடுவது நல்லது என்பதில் இருவேறு கருத்து இருக்க முடியாது. ஆனால் ஜாமீன் கிடைத்தவர்களே உள்ளே கிடக்கும் நிலை இருந்ததால்தான், 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், ஜாமீன் உத்தரவின் பிரதியைச் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகச் சிறைவாசிக்கே அனுப்ப வேண்டும், ஏழு நாளுக்குள் விடுதலை ஆகவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் அந்தப் பிரதி யார் கையில் கொடுக்கப்படுகிறதோ அவருக்குப் படிக்கத் தெரிந்தால்தான் அது உத்தரவு, தெரியாவிட்டால் காகிதம். இரண்டு ஜாமீன்தாரர் கேட்டிருக்கிறார்களா, எவ்வளவு தொகை, எந்த நிபந்தனை என்று வாசித்து, மனுப் போட்டுப் பார்க்க வரும் வீட்டாரிடம் சொல்லக்கூடியவர் அதே உத்தரவால் சீக்கிரம் வெளியேறுகிறார். ஆகவே வகுப்பும் ஜாமீனும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. ஜாமீனை நோக்கிய வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதை யாரும் இன்னும் பாடத்திட்டமாக எழுதவில்லை என்பதே குறை.

தெருவில் கேட்கும் மறுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும்: கூலிக்காரன் பிள்ளை கட்டணம் கட்டிப் படிக்கும்போது, வழக்கில் உள்ளே போனவனுக்கு இலவசப் படிப்பா? அமெரிக்கா இதே கேள்வியைக் கேட்டு 1994இல் கல்லூரிப் படிப்புக்கான பெல் உதவித்தொகையைச் சிறைவாசிகளுக்கு நிறுத்தியது. 2015இல் சோதனையாக மீண்டும் தொடங்கி, 2023 ஜூலை முதல் முழுதாகத் திருப்பிக் கொடுத்தது. நடுவில் மனமாற்றத்துக்கு உதவியவற்றில் ஒன்று ராண்ட் நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், சிறையில் கல்வி பெற்றவர்கள் மீண்டும் குற்றத்தில் சிக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 43 சதவீதம் குறைவு என்றும், கல்விக்குச் செலவிடும் ஒரு டாலர் மறுசிறைவாசச் செலவில் நாலைந்து டாலரை மிச்சப்படுத்துகிறது என்றும் அது கண்டது. இந்த எண்களை நம் மேடைகளில் அப்படியே தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. படிக்க முன்வருகிறவர் ஏற்கெனவே மாற விரும்பியவராக இருக்கலாம். அதில் படிப்பின் பங்கு எவ்வளவு, மனதின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். 1974இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் மார்ட்டின்சன், சிறைத் திட்டங்கள் எதுவும் பலன் தருவதாகத் தெரியவில்லை என்று எழுதி ஒரு தலைமுறையையே நம்பிக்கை இழக்கச் செய்தார். 1979இல் அவரே அதிலிருந்து பின்வாங்கினார். இப்படி ஊசலாடும் ஆதாரத்தின் மேல் நம் வாதத்தைக் கட்ட வேண்டியதில்லை. நம்மூர்ச் செலவு எளிமையானது: மூன்று மெல்லிய புத்தகம், ஒரு சிலேட்டு, நாளுக்கு மூன்று மணி நேரம் வரும் ஓர் ஆசிரியர். கூலிக்காரன் பிள்ளையிடமிருந்து இதற்காக எதையும் பிடுங்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவரே அந்தப் பிள்ளையின் தகப்பனாக இருக்கும் வாய்ப்பும் குறைவல்ல.

திண்டுக்கல் என்றதும் பூட்டு நினைவுக்கு வருவதால், சிறைக்குள் தொழிற்பயிற்சி கொடுக்கலாமே என்ற யோசனையும் வரும். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய கைவேலைப் பூட்டு அது. கற்றுத் தேற ஆண்டுகள் வேண்டும், வெளியே அலிகார் இயந்திரப் பூட்டு சந்தையைப் பிடித்துவிட்டது. ரிமாண்டுக் காலம் தொழில் கற்கும் காலம் அல்ல. இங்கே தொடங்கக்கூடியது எழுத்து மட்டுமே. அதற்கான துண்டுகள் ஏற்கெனவே சிதறிக் கிடக்கின்றன. மத்திய சிறைகளில் எழுத்தறியாதவர்களுக்கான சிறப்புத் திட்டம் நடக்கிறது. அது மாவட்டச் சிறை வாசலைத் தாண்ட வேண்டும். மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை பெரியவர்களுக்கான வகுப்புகளுக்கென்றே இருக்கிறது; அதன் மையப் பட்டியலில் திண்டுக்கல் சிறையையும் நிலக்கோட்டைச் சிறையையும் சேர்ப்பது மாவட்ட நிர்வாகத்தின் ஒரு கையெழுத்தில் முடியும். சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறைவாசிகளுக்குப் புத்தகம் திரட்டியது. திண்டுக்கல் புத்தகத் திருவிழாவுக்கு வருகிறவர்கள் கொடுக்கும்போது நாவலோடு பெரிய எழுத்தில் அச்சான சிறு நூல்களையும் கொடுக்கட்டும். படிக்கத் தொடங்கியவருக்கு அதுதான் வேண்டும். ஆசிரியருக்கும் பஞ்சமில்லை. டாக்டர் சௌந்தரமும் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் காந்திகிராமத்தைத் தொடங்கியது ஏட்டுக்கும் ஊருக்கும் நடுவில் இருந்த சுவரை உடைக்கத்தான். சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குப் போய் மத்தியக் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தவர். அவர்கள் உருவாக்கிய கிராமிய நிறுவனம் இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகம். வாழ்நாள் கற்றலுக்கென்றே அங்கே ஒரு துறை உண்டு, களப்பணிக்குப் போக வேண்டிய மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அவர்களை அனுப்பும் அதிகாரம் அந்த நிறுவனத்திடமும், உள்ளே விடும் அதிகாரம் சிறைத்துறையிடமும் இருக்கிறது. சிறைப் பள்ளிக்கூடம் இருக்கும் மதுரை, திண்டுக்கல்லிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். காந்திகிராமம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சின்னாளபட்டி போகும் பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.